கட்டையைச் சுற்றி வரும் நேரம்

செங்கோட்டைப் பக்கம் மர மில் ஒரு அதிசயமில்லை. கேரளத்து மரம் ஆரியங்காவு கணவாய் இறங்கி, புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டியதும் வந்து நிற்கிற ஊர் இது. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும் வரைக்கும் இந்த ஊரே மலைக்கு அந்தப் பக்கத்து அரசாங்கத்தின் கீழ்தான் இருந்தது. எல்லைக்கோடு மாறியது, மரம் வரும் பாதை மாறவில்லை. இங்கே இருந்த மில்களில் ஒன்று எங்களுடையது. சக்கரங்களில் ஓடும் பட்டை ரம்பமான பேண்ட் சா ஒன்று, ஒரு தள்ளு டிராலி, கட்டையைக் குறுக்கே துண்டு போட ஒரு ரம்பம், தகரக் கொட்டகை, ஆறு ஆட்கள். தாத்தா ஆரம்பித்தது. அப்பா நடத்தியதை நான் இருபது வருடத்துக்கு மேல் கூட இருந்து பார்த்தேன், அப்புறம் நடத்தினேன்.

மர மில் என்றதும் எல்லோருக்கும் ரம்பச் சத்தம்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது சத்தம் இல்லாத நேரம். டிராலியில் கட்டையை ஏற்றியாகிவிட்டது, மோட்டார் இன்னும் போடவில்லை. அப்பா கையில் ஈரத் துணியோடு கட்டையைச் சுற்றி வருவார். இரண்டு முனைகளையும் துடைப்பார். ஈரம் பட்டால்தான் முகம் தெளிவாகத் தெரியும்: நடுவில் கெட்டியான வைரம் எவ்வளவு, அதைச் சுற்றிய வெள்ளை எவ்வளவு, வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, நடுவில் பொந்து விழுந்திருக்கிறதா. பிறகு கோடரியின் பின்புறத்தால் அங்கங்கே தட்டுவார். நல்ல கட்டை கணீரென்று பேசும். உள்ளே பொக்கையாக இருந்தால் 'பொத்' என்று இருக்கும். கணு எந்தப் பக்கம் என்று பார்த்து, கடப்பாரையால் கட்டையைக் கால் சுற்று புரட்டச் சொல்வார். சில நேரம் புரட்டியதைத் திரும்பப் புரட்டச் சொல்வார். ஆட்கள் முணுமுணுக்க மாட்டார்கள். அந்தக் கால் சுற்றில்தான் அன்றைய கூலியே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

அளவு எடுப்பதும் அப்படித்தான். நடுவில் டேப்பைச் சுற்றி, வந்த அங்குலத்தை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடிக் கணக்கில் நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்று, பத்தடி நீளம் என்றால் சரியாகப் பத்து கன அடி. உருண்டைக் கட்டையில் உண்மையாக இருக்கிற மரத்தில் சுமார் 78 சதவீதம்தான் இந்தக் கணக்கில் வரும். மீதி, அறுப்பில் போகிற பட்டைக்கும் தூளுக்குமான விட்டுக்கொடுப்பு. ஆனால் டேப்பைக் கொஞ்சம் இறுக்கினாலோ தளர்த்தினாலோ கணக்கே மாறிவிடும். சுற்றில் ஒரு அங்குலம் கூடினால், அதே பத்தடிக் கட்டையில் கிட்டத்தட்ட அரை கன அடி கூடிவிடும். வாங்கும்போதும் விற்கும்போதும் டேப் ஒரே இறுக்கத்தில் இருக்கவேண்டும் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். விற்கும்போது டேப்பின் ஒரு முனையை வாங்க வந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

நான் தனியாக அறுத்த முதல் நல்ல தேக்குக் கட்டையை நானே கெடுத்தேன். 16 அடி நீளம், 44 அங்குலச் சுற்று. அப்பா தேக்கு ஏலத்துக்காகக் கேரளத்து நிலம்பூர் போயிருந்தார். கட்டையில் லேசான வளைவு இருந்தது. எனக்கு அது தெரிந்தது, ஆனால் நீள மரத்துக்கு விலை கூட என்ற நினைப்பு முன்னால் நின்றது. முழு நீளத்துக்கும் பிளேடை விட்டேன். முதல் வெட்டு ஒரு முனையில் வெள்ளையை மட்டும் சீவிக்கொண்டு போய், நடுவில் வைரத்துக்குள் ஆழமாக இறங்கி, மறு முனையில் மறுபடி மேலேறி வெளியே வந்தது. எதிர்ப்பக்கத்தில் தலைகீழ்: முனைகளில் ஆழமாக இறங்கியது, நடுவில் மேலோடு போனது. சதுரம் பிடிக்கப் பிடிக்கக் கட்டை கரைந்தது. எட்டு கன அடிக்குக் குறையாமல் நல்ல சைஸ் (அறுத்த சட்டம்) வரவேண்டிய மரத்தில் பெரும்பகுதி ஒல்லிச் சட்டமான ரீப்பராகப் போனது.

இரண்டு நாள் கழித்து வந்த அப்பா அந்த ரீப்பர் கட்டுகளைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு கயிற்றை எடுத்து வேறொரு வளைந்த கட்டையின் இரண்டு முனைக்கும் இழுத்துப் பிடித்தார். நடுவில் கயிற்றுக்கும் கட்டைக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி. அதே கயிற்றைப் பாதி நீளத்துக்குப் பிடித்தார். ஒரு விரல்கூட நுழையவில்லை. "நீளத்தக் கொறைச்சா வளைவும் கொறைஞ்சிரும்டே. ஏழடி ஏழடியா ரெண்டு துண்டு போட்டிருந்தா ரெண்டு கதவுக்கு நிலைக்கால் வந்திருக்கும்" என்றார். அதற்குப் பிறகு எந்தக் கட்டை வந்தாலும் நான் கயிறு பிடிக்காமல் டிராலியில் ஏற்ற விட்டதில்லை.

சொந்தச் சரக்கைவிடக் கூலி அறுப்புக்கு வரும் மரங்கள்தான் எனக்கு நெருக்கம். அவரவர் வீட்டு மரங்கள். பலாவை அறுத்தால் உள்ளே மஞ்சள் பளீரென்று இருக்கும். வெளிச்சம் பட்ட சில வாரத்திலேயே பழுப்பேறிவிடும். வேங்கையின் பட்டையைக் கொத்தினால் ரத்தம் மாதிரியே சிவப்பாக ஒழுகும். புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் அதைப் பார்த்து அரை நாள் சாப்பிடாமல் இருந்தான். வேப்பமரம் அறுத்த அன்று ராத்திரிச் சோறுகூட நாக்கில் கசக்கும்.

வேம்பு என்றதும் பண்பொழியிலிருந்து வந்த அம்மா ஞாபகம் வருகிறார். டிராக்டரில் ஒரு வேப்பங்கட்டை கொண்டுவந்திருந்தார். மகள் கல்யாணத்துக்குக் கட்டில். வீட்டு மரம் என்றால் அப்பா முதலில் கேட்பது ஒன்றுதான்.

"ஏம்மா, இதுல ஆணி, கொக்கி ஏதும் அடிச்சிருந்தீகளா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல அண்ணாச்சி."

அறுக்கத் தொடங்கினோம். மூன்றாவது பலகை விழுந்தபோது அதன் முகத்தில் விரல் நீளத்துக்குக் கருநீலமாக ஒரு தீற்றல். அப்பா கையைத் தூக்கினார். டிராலி நின்றது. மரத்துக்குள் இரும்பு கிடந்தால் அதைச் சுற்றி மரம் அப்படிக் கறுத்துப்போகும். இன்னும் ஒரு வெட்டு போயிருந்தால் பிளேடின் பல் வரிசை போயிருக்கும். பிளேடே அறுந்தால் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் வரும், பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு உயிர் தப்புவதே பெரிது. உளியால் கொத்தித் தோண்டினார்கள். நாலு விரல் ஆழத்தில், மரம் முழுசாக மூடி வளர்ந்த இடத்தில், துருப்பிடித்த ஒரு கொக்கி இருந்தது.

அந்த அம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஊஞ்சல் கட்ட எங்க அப்பா அடிச்சது. மறந்தே போச்சு" என்றார். கொக்கியை முந்தானையில் முடிந்துகொண்டார். கறை விழுந்த பலகையை ஆசாரி கழித்துவிடுவாரே என்று நான் சொன்னதற்கு, அதைத் தலைமாட்டுப் பலகையாகவே போடச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

மில்லில் வீண் என்று எதுவும் கிடையாது. ஓரப் பட்டைகள் விறகுக்குப் போகும். தூளுக்குச் சாயங்காலம் சாக்கோடு பெண்கள் வருவார்கள். மரத்தூள் அடுப்பில் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடித்து நிரப்பி, பாட்டிலை மெதுவாக உருவி எடுத்துவிட்டுப் பற்றவைத்தால், ஒரு வேளைச் சமையல் முடிந்த பிறகும் கனன்றுகொண்டிருக்கும். வீட்டுக்கு வீடு கேஸ் வந்ததும் அந்த வரிசை நின்றுவிட்டது.

மற்றவையும் ஒவ்வொன்றாக மாறின. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டுக்குள் நடந்த மர மில்களை நிறுத்தச் சொன்னது. 2002-இல், முன் அனுமதி இல்லாமல் நாட்டில் எங்கேயும் புது மில் திறக்கக்கூடாது என்றது. எங்களிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனாலும் வரும் கட்டை, போகும் சைஸ் எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதி, வனத்துறைச் சுத்தியல் முத்திரையையும் பாஸையும் ஒத்துப் பார்த்து வைக்க வேண்டிவந்தது. தொழிலில் பலர் கோபப்பட்டார்கள். அப்பா கோபப்படவில்லை. கணவாய் இறங்கி வரும் கட்டைகளின் சுற்று வருஷத்துக்கு வருஷம் சிறுத்து வந்ததைத் தன் டேப்பிலேயே பார்த்தவர் அவர். "இப்பமாவது நிறுத்துனாகளே" என்றார். வழக்குப் போட்டவர் நிலம்பூர்க்காரர் என்று பேப்பரில் படித்தபோது அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அந்த ஊர்த் தேக்கை அவ்வளவு மதித்தவர். எங்கள் வருமானம் குறைந்தது உண்மை. இருந்தாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதைவிட எங்களை அடித்தது 2012-இன் மின்வெட்டு. நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. வரும்போது அறுக்க வேண்டும் என்று ஆட்கள் கட்டைமேலேயே படுத்துத் தூங்கினார்கள். தூக்கக் கலக்கத்தில் ஓடுகிற பிளேடு பக்கத்தில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தும் அப்படி வேலை வாங்கினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனாலும் அது எனக்கு ஆறாத விஷயம். 2014 ஏப்ரலில் பர்மா உருண்டைக் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. தூத்துக்குடி வழியாக வந்த ஆப்பிரிக்கத் தேக்கைப் பெரிய மில்கள் கண்டெய்னர் கணக்கில் எடுத்தன. எங்களால் அது முடியவில்லை. புது வீடுகளுக்குப் பிளாஸ்டிக் ஜன்னலும் ரெடிமேட் கதவும் வந்துவிட்டன.

மிஷினை விற்றது 2016-இல். வாங்க வந்தவர் இளம்வயசுக்காரர். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். மோட்டார் போட்டு, கடைசியாகக் கிடந்த ஒரு பூவரசங்கட்டையை ஏற்றி ஒரு வெட்டு விட்டோம். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நின்றதும் அந்தத் தம்பியைக் கிட்டே கூப்பிட்டார். "மேல் சக்கரத்துப் பேரிங் லேசா சத்தம் போடுது, கேட்டியா? மாசம் ஒருக்கா கிரீஸ் வச்சிரு. பிளேடு நல்லாத்தான் ஓடுது" என்றார். அந்தத் தம்பி சரி என்றதும், "இன்னொருக்கா போட்டுக் காட்டு, கேக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார். போட்டேன்.