இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டிராக் ரேஸும் ஐந்து ஜிலேபி மீனும்

முதலில் அந்த ஆட்டோக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் இறங்கி, ரேஸ் டிராக் போகணும் என்றேன். "முந்நூறு" என்றார். பக்கத்தில்தானே இருக்கிறது என்றால், "ரேஸ் பாக்க வர்றவங்களுக்கு முந்நூறு ஒரு காசா சார்?" என்கிறார். ஐயா, நான் மதுரையிலிருந்து ஸ்லீப்பர் பெட்டியில், அதுவும் ஆர்ஏசி டிக்கெட்டில் பாதி சீட்டில் உட்கார்ந்து வந்தவன். இருநூறுக்குப் பேசி ஏறினேன். உட்கார்ந்து பையை மடியில் வைப்பதற்குள் கேட் வந்துவிட்டது. வெயில் ஏறவில்லை என்றால் நடந்தே போங்கள்.

அதற்கு முந்தைய பஸ் அதைவிட மோசம். பூந்தமல்லி வரை மெட்ரோ வேலை, ஊர்ந்து ஊர்ந்து போனோம். நின்றுகொண்டே வந்ததில் முட்டி கழன்றது. கண்டக்டர் தர வேண்டிய 15 ரூபாய் சில்லறை இன்னும் அவரிடமே இருக்கிறது.

சரி, எதற்கு இந்தப் பாடு? என் சித்தப்பா மகன் டிராக் (drag) ரேஸ் ஓட்டுகிறான். நேர்கோட்டில் இரண்டு இரண்டு வண்டியாகக் கிளம்பி, யார் முதலில் முடிவுக் கோட்டைத் தாண்டுவது என்ற போட்டி. மதுரையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். டூ ஸ்ட்ரோக் பிரிவில் ஓடுவது பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி, அப்போது இவன் பிறக்கவே இல்லை. முந்தின நாளே வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி அனுப்பிவிட்டான். "அண்ணே, ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று சொன்னதால் போனேன். அவன் குழுவோடு சேர்த்து எனக்கும் கையில் ஒரு பட்டை கட்டி உள்ளே விட்டார்கள்.

உள்ளே போனால் ரேஸைக் காணோம். நாலு பேர் நீளமான துடைப்பம் வைத்துச் சாலையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே அதைத்தான் ஒரு மணி நேரம் பார்த்தேன்.

இது 1990-இல் திறந்த சர்க்யூட். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது. கிளப் 1953-இல் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் ரேஸ் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தது. ஓடுதளம் என்றால் டிராக் ரேஸுக்கு அல்வா மாதிரி. இந்த 3.7 கிலோமீட்டர் சர்க்யூட்டோ வளைந்து வளைந்து ஓட்டுவதற்காகக் கட்டியது. டிராக் ரேஸ் நாளில் இதன் நேர்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு லேன் போடுகிறார்கள். விளக்குக் கம்பம், சென்சார், வயர், தடுப்பு, எல்லாம் கொண்டுவந்து நட்டு, முடிந்ததும் பிடுங்க வேண்டும். கல்யாண மண்டப வேலைதான், மாப்பிள்ளை மட்டும் ஹெல்மெட் போட்டிருக்கிறார்.

அங்கே டைமிங் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை நிழலுக்குக் கூப்பிட்டு விளக்கினார். வாயெல்லாம் வெற்றிலை. "கால் மைல், 402 மீட்டர், அதுதான் உலகக் கணக்கு. ஆனா ஓடுறது பெரிசில்ல தம்பி, நிக்கறதுக்கு இடம் வேணும்" என்றார். முடிவுக் கோட்டைத் தாண்டும்போதுதான் பெரிய பைக்குகள் உச்ச வேகத்தில் இருக்கும். ஹயபூசா மாதிரி வண்டி அங்கிருந்து அடங்கி நிற்க நீளமாகச் சாலை வேண்டும். சிப்காட்டைச் சுற்றி நிலம் விற்கிற விலைக்கு, இதற்கென்றே தனியாக ஒரு நேர்கோட்டை வாங்கிப் போட யாருக்கு மனசு வரும்?

அப்புறம் அந்த விளக்குக் கம்பம். கிறிஸ்துமஸ் மரம் என்று பேர். கோட்டருகே தரையை ஒட்டி இரண்டு ஒளிக்கற்றைகள். முன் சக்கரம் முதலாவதை மறைத்தால் ஒரு ஜோடி விளக்கு எரியும், இன்னும் ஒரு சாண் நகர்ந்து அடுத்ததை மறைத்தால் அடுத்த ஜோடி. அதற்கப்புறம் மஞ்சள், பச்சை. பச்சை எரிவதற்கு முன்பே சக்கரம் நகர்ந்தால் சிவப்பு எரியும், அந்த ஓட்டம் போச்சு. வேடிக்கை என்னவென்றால், வண்டியின் நேரத்தை எண்ணும் கடிகாரம் பச்சை எரியும்போது ஓடாது. சக்கரம் அந்த ஒளியை விட்டு விலகும்போதுதான் ஓட ஆரம்பிக்கும். அதனால் ஜோடியாக மோதும்போது வேகமான வண்டி வைத்திருப்பவன் தூங்கினால், மெதுவான வண்டிக்காரன் முதலில் போய்ச் சேர்ந்துவிடலாம். எனக்கு இது புரிந்ததும் ஆட்டோக்காரரைக்கூட மன்னித்துவிட்டேன். கிட்டத்தட்ட.

நடுவில் ஒரு வண்டியிலிருந்து ஆயில் கொட்டியது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதற்கு எல்லாமே நின்றது. சிமெண்ட் பவுடரைத் தூவி, தேய்த்து, கூட்டி, ஒருவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்து, மறுபடி தூவி, முக்கால் மணி நேரம். ஆயில் போல்ட்டைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று காலையில் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. அதேபோல, ஆம்புலன்ஸ் யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால் இன்னொன்று வரும்வரை ஒரு வண்டியும் கிளம்பாதாம். பெரியவர் வானத்தையே அடிக்கடி பார்த்தார். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் ஒரு ரவுண்டே கைவிட்டுப் போகும். சீசன் முழுக்க எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் சாம்பியன் என்பதால் தள்ளிவைத்த ரவுண்டுக்குப் புதுத் தேதி தேட வேண்டும். கார் ரேஸ், பைக் ரேஸ் எல்லாம் போக மிச்சமிருக்கும் தேதியில்தான்.

பெங்களூர் ஹேமந்த் முத்தப்பா தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். அவர் பேரை இங்கே பையன்கள் ரஜினி பேர் மாதிரி சொல்கிறார்கள். வெளியே கேட்டால் யாருக்கும் தெரியாது. ராத்திரி பீச் ரோட்டில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கிறவர்களுக்குக் கிடைக்கிற கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே இல்லை என்பது எனக்குக் கடுப்பாகவே இருந்தது.

தம்பி முதல் ஓட்டத்தில் சிவப்பு வாங்கினான். மதுரையிலிருந்து வண்டி வந்து, ரெண்டு நாள் பட்டறையை மூடி, கண் சிமிட்டும் நேரத்தில் காலி. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓரமாக உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போனேன், பேசவில்லை. கிளட்ச் பிடித்த இடது கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் எழுந்து கார்பரேட்டரைத் திறந்து, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றினான். அதற்கும் சிவப்புக்கும் சம்பந்தமே இல்லை, இருந்தாலும் கைக்கு ஒரு வேலை வேண்டுமே. இரண்டாவது ஓட்டம் சுத்தமாக வந்தது. டூ ஸ்ட்ரோக் புகை மூக்கில் ஏற, நான் கத்தியதில் தொண்டை இன்னும் கரகரக்கிறது. பரிசுப் பட்டியலில் அவன் பேர் வரவில்லை.

சாப்பாட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். திரும்பும்போது குட்டி யானையிலேயே ஏறி, செம்பரம்பாக்கம் பக்கம் சாலையோரத்தில் ஒரு அக்கா கடையில் நிறுத்தினோம். ஏரி ஜிலேபி மீன், குறுக்கே கீறி, மிளகாய்த்தூளும் பூண்டும் அப்பி, பெரிய தவாவில் தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை விடுகிறார். "எடுக்கவா அக்கா?" என்றால் "உனக்கு என்ன அவசரம், ரேஸா?" என்று திட்டு வேறு. ஐந்து மீன், மூன்று பேர், 400 ரூபாய். பயணம் முழுக்க நான் வயிறெரியாமல் கொடுத்த காசு அது ஒன்றுதான்.

எப்படிப் போவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். சுருக்கமாக: தண்ணீர், தொப்பி, காதுக்குப் பஞ்சு. கைக்காசு 1500 போதும் என்று நினைத்துப் போனேன், தம்பி கூடப் போனால் போதாது. எழும்பூரில் இறக்கிவிடும்போது, "அண்ணே, அடுத்த ரவுண்டுக்குப் பின் டயர் ஒண்ணு..." என்று இழுத்தான். முடியாது என்றுதான் சொன்னேன். திண்டிவனம் தாண்டுவதற்குள் பாதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தேன்.