வேதாகமம் பேசாமல் விட்டவர்கள்: நான் பரிந்துரைக்கும் சில வரலாற்று நாவல்கள்

நற்செய்தி நூல்கள் நான்கும் பரபாஸைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். கலகத்தில் கொலை செய்து காவலில் கிடந்தவன், பஸ்கா பண்டிகையின்போது கூட்டத்தார் கேட்டுக்கொண்டதால் விடுவிக்கப்பட்டவன், அவன் இருக்கவேண்டிய இடத்துக்கு இயேசு போனார். அத்துடன் அவனுடைய கதை நின்றுவிடுகிறது. விடுதலையான அந்த மனிதன் அன்றைக்கு எங்கே போனான், தனக்குப் பதிலாக ஒருவர் செத்தார் என்ற நினைப்போடு மிச்ச நாட்களை எப்படிக் கழித்தான் என்ற கேள்வியைச் சுவீடன் நாட்டு எழுத்தாளர் பேர் லாகர்க்விஸ்ட் எடுத்துக்கொண்டு 1950இல் ஒரு சிறிய நாவல் எழுதினார். அடுத்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் க.நா.சு. அதை 'அன்பு வழி' என்ற பெயரில் மொழிபெயர்த்திருக்கிறார். வேதாகம மனிதர்களை வைத்து எழுதப்பட்ட வரலாற்று நாவல்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும், நான் முதலில் சொல்வது இந்தப் புத்தகத்தைத்தான்.

நம்ப விரும்பியும் நம்ப முடியாமல் போன ஒருவனின் கதை அது. பரபாஸ் அடிமையாகி, ஒரு செம்புச் சுரங்கத்தில் சாஹாக் என்னும் கிறிஸ்தவ அடிமையோடு ஒரே சங்கிலியில் பிணைக்கப்படுகிறான். சாஹாக்கின் கழுத்தில் தொங்கும் அடிமைத் தகட்டின் பின்புறத்தில் கிறிஸ்துவின் பெயர் ரகசியமாகக் கீறப்பட்டிருக்கிறது. பரபாஸும் தன் தகட்டில் அதே பெயரைக் கீறச் சொல்லி வாங்கிக்கொள்கிறான். பின்னர் ரோம ஆளுநர் இருவரையும் விசாரிக்கும்போது சாஹாக் தன் ஆண்டவரை மறுதலிக்க மறுத்துச் சிலுவைக்குப் போகிறான். பரபாஸோ தனக்குக் கடவுள் இல்லை என்கிறான். பிறகு ஏன் இந்தப் பெயரைச் சுமக்கிறாய் என்று கேட்டால், நம்ப விரும்புகிறேன் என்பதுதான் அவன் தரும் பதில். ஆளுநர் தன் குத்துவாளின் முனையால் அந்தப் பெயரின் குறுக்கே கோடு போட்டுவிடுகிறார். கடைசியில் ரோமாபுரியில் கிறிஸ்தவர்களை இருவர் இருவராகச் சங்கிலியிட்டுக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும்போது எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால், பரபாஸ் யாரோடும் பிணைக்கப்படாமல் கடைசி ஆளாகத் தனியே நடக்கிறான். இந்த விவரத்தை லாகர்க்விஸ்ட் எந்த விளக்கமும் தராமல் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறார். அந்த அடக்கம்தான் எனக்கு இந்த நாவலின் பெரிய பலமாகப் படுகிறது.

வேதாகமம் யாரைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறதோ அவரைப் பற்றி எழுதும்போதுதான் நாவலாசிரியனுக்கு இடம் கிடைக்கிறது என்பது, இவ்வகை நூல்களைத் தொடர்ந்து வாசித்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம். இயேசுவையே நாயகராக வைத்து எழுதியவர்கள் பெரும் திறமைசாலிகள்தான். கிரேக்க எழுத்தாளர் காசான்ட்சாகிஸ் எழுதிய 'கடைசிச் சோதனை'யை 1954இல் கத்தோலிக்கத் திருச்சபை தடைசெய்த நூல்களின் பட்டியலில் சேர்த்தது; போர்ச்சுகல் எழுத்தாளர் சரமாகோ இயேசுவைப் பற்றி எழுதிய நாவலை 1992இல் அந்நாட்டு அரசு ஓர் ஐரோப்பியப் பரிசுக்குச் செல்லவிடாமல் நிறுத்தியது. இரண்டுமே வாசிக்கத் தகுந்தவை. ஆனாலும் அங்கே வாசகன் பக்கத்துக்குப் பக்கம் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பாத்திரத்தோடு வாழ அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை.

இந்த உண்மையை நம் மொழியில் முன்பே உணர்ந்தவர் வீரமாமுனிவர் என்று சொல்லத் தோன்றுகிறது. நற்செய்திகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாத, மரியாளின் கணவராகிய சூசையப்பரைத்தான் அவர் தேம்பாவணியின் தலைவராக்கினார். 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் என்று விரிந்த அந்தக் காப்பியம் 1726இல் முடிந்தது. அது நாவல் அன்று. ஆயினும் மௌனமாக இருந்தவரைப் பேசவைக்கும் வேலை அதில் முழுமையாக நடந்திருக்கிறது.

பழைய ஏற்பாட்டு யோசேப்பின் கதைக்கு வந்தால், ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மானின் 'யோசேப்பும் அவன் சகோதரர்களும்' என்ற நான்கு பாக நாவலுக்கு இணையாக நான் எதையும் அறியேன். 1933 முதல் 1943 வரை வெளியான இந்த நூலை எழுதி முடிக்க அவருக்கு ஏறத்தாழ 16 ஆண்டுகள் பிடித்தன. இடையில் ஹிட்லரின் ஆட்சி வந்து, அவர் நாட்டை விட்டே போகவேண்டியதாயிற்று. ஆதியாகமத்தில் சில அதிகாரங்களில் முடிந்துவிடும் கதை இங்கே ஆயிரம் பக்கங்களைத் தாண்டுகிறது. முன்னுரைப் பகுதியைத் தாண்டுவது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதை மேலோட்டமாக வாசித்துவிட்டு, கிணற்றடியில் நிலவொளியில் யோசேப்பு உட்கார்ந்திருக்கும் காட்சியிலிருந்து நிதானமாகத் தொடங்கலாம்.

யோசேப்பின் பலவருண அங்கியை மான் கையாண்டிருக்கும் விதம் ஒன்றே அந்த உழைப்புக்குப் போதிய பலன். அவருடைய நாவலில் அந்த அங்கி, யோசேப்பின் தாய் ராகேலுக்கென்று வாங்கப்பட்ட திருமண முக்காடு. ராகேல் என்று நம்பி அவள் அக்காள் லேயாளை யோசேப்பின் தகப்பன் யாக்கோபு ஏற்றுக்கொண்ட அந்த இரவில், லேயாளை மறைத்திருந்த துணியும் அதுதான். தகப்பனிடம் கொஞ்சிப் பேசி யோசேப்பு அதை வாங்கி உடுத்திக்கொண்டு போக, சகோதரர்கள் அதைக் கிழித்து இரத்தத்தில் தோய்த்து யாக்கோபிடம் அனுப்புகிறார்கள். ஒரே துணியால் ஒரே மனிதன் இரண்டு முறை ஏமாற்றப்படுகிறான். வெள்ளாட்டுக் குட்டியின் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு தன் கண் தெரியாத தகப்பனை ஏமாற்றியவன் இந்த யாக்கோபு என்பதையும், அங்கியைத் தோய்த்ததும் வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆதியாகமத்திலேயே இருந்த ஒரு பின்னலை மான் எவ்வளவு நுட்பமாகக் கண்டெடுத்திருக்கிறார் என்பது விளங்கும். இட்டுக்கட்டியது முக்காடு மட்டுமே; மற்றதெல்லாம் மூலத்தில் உள்ளது.

ஸ்டெஃபான் ஹைமின் 'தாவீது ராஜா அறிக்கை' (1972) முற்றிலும் வேறு வகை. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்று, பின்னர் கிழக்கு ஜெர்மனியில் குடியேறியவர் ஹைம். சாலொமோன் தன் தகப்பனாகிய தாவீதைப் பற்றி அதிகாரபூர்வமான வரலாறு ஒன்று எழுத ஒரு குழுவை அமைத்து, ஏத்தான் என்னும் அறிஞரை அதன் தொகுப்பாளராக நியமிக்கிறான். ஏத்தான் விசாரிக்க விசாரிக்க, அரண்மனை விரும்பாத செய்திகளே கிடைக்கின்றன. தாவீது, தான் அபகரித்த பெண்ணின் கணவனாகிய உரியாவைச் சாகவைக்கும்படி எழுதிய கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான் என்பதை இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது. அரசவையின் கண்பார்வையில் எழுதப்பட்ட வரலாற்றில் இவ்வளவு பெரிய பாவம் அழிக்கப்படாமல் எப்படித் தப்பியது? நாவல் முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில்தான். சாலொமோன் ஏத்தானைக் கொல்லவில்லை. அவர் பெயரே எவருக்கும் தெரியாதபடி மௌனத்தால் கொல்லும்படி தீர்ப்பளிக்கிறான், தாவீதைப் புகழும் ஒரு சங்கீதம் மட்டும் அவர் பெயரில் நிற்கலாம் என்கிறான். நம் வேதாகமத்தில் 89ஆம் சங்கீதம் ஏத்தானின் பெயரில்தான் இருக்கிறது. தணிக்கைக்கு நடுவில் எழுதிய ஒருவரால்தான் இந்த முடிவை இப்படி அமைக்க முடியும்.

அனிடா டயமன்ட் எழுதிய 'சிவப்புக் கூடாரம்' (1997), ஆதியாகமம் 34இல் தன் பெயரால் ஓர் ஊரே வெட்டப்பட்டும் ஒரு சொல்லும் பேசாத, யாக்கோபின் மகள் தீனாளைப் பேசவைக்கிறது. யாக்கோபின் நான்கு மனைவியரும் பேறுகாலமும் மருத்துவச்சியின் தொழிலும் வரும் முதல் பகுதி மிக உயிர்ப்பானது. தீனாளைக் கொண்டுபோய்க் கெடுத்த சீகேமின் செயலை மூலம் தீட்டு என்று சொல்ல, நாவல் அதைக் காதலாக மாற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது தீனாளின் வேதனையை லேசாக்கிவிடுகிறது. கோல்ம் டோபீனின் 'மரியாளின் சாட்சியம்' (2012) மிகச் சிறியது. முதுமையில் எபேசுவில் வாழும் மரியாளிடம் இருவர் வந்து, தாங்கள் எழுதப்போவதற்கு இசைவாகப் பேசச் சொல்கிறார்கள். அவர் தான் கண்டதை மட்டுமே சொல்வேன் என்கிறார். பக்தியோடு வாசிப்பவர்களுக்கு இது வலிக்கும் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

'பென்ஹர்' (1880), 'குவோ வாடிஸ்' (1896) இரண்டும் பலருக்கும் திரைப்படம் வழியாகத் தெரிந்தவை. நீரோ காலத்து ரோமாபுரியின் விருந்துகளையும் வீதிகளையும் நேரில் பார்ப்பதுபோல் அறிய வேண்டுமானால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாவலை எடுத்தாலும் அதற்குரிய வேதாகம அதிகாரத்தை முன்கூட்டியே ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. பெரும்பாலும் அரைமணி நேரம்கூட ஆகாது. 'அன்பு வழி'யை அடுத்து ஹைமை வாசித்துவிட்டு, நீண்ட விடுமுறை கிடைக்கும்போது தாமஸ் மானிடம் போகலாம்.