கோட்டையின் உயிர் கிணற்றில்

ஐரோப்பியக் கோட்டை என்றதும் எங்கள் பிள்ளைகள் வாளையும் இரும்புச் சட்டையையும் பற்றித்தான் கேட்கிறார்கள். பூநகரிக் கோட்டையின் இடிபாட்டைப் பார்க்கப் போனாலும் மதில் எத்தனை அடி என்பதே முதல் கேள்வி. ஆவணி வெயிலில் கிணறு வற்றுவதைப் பார்த்து வளரும் வன்னிப் பிள்ளைகள் முதலில் தண்ணீரைத்தான் தேடவேண்டும்.

நாங்கள் 20, 30 அடியில் ஊற்றுக் கண்டு பழகியவர்கள். இங்கிலாந்தின் டோவர் கோட்டை சுண்ணாம்புக் குன்றின் மேல் நிற்கிறது. அதன் கிணறு 100 மீற்றருக்கும் கூடுதலான ஆழம். அவ்வளவு ஆழத்தில் தண்ணீரை விடக் கயிறுதான் பாரம். ஓரங்குலச் சணல் கயிறு மீற்றருக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ. ஒரு 10 லீற்றர் வாளிக்காக 50 கிலோக் கயிற்றையும் சேர்த்து இழுக்கவேண்டும். துலா அங்கே எட்டாது. உருளையில் கயிற்றைச் சுற்றி இரு முனையிலும் வாளி கட்டினால் ஒன்று இறங்க மற்றது ஏறும். தொடக்கத்தில் கை கடுக்கும். பாதி தாண்டியதும் இறங்குகிற கயிற்றின் பாரமே துணைக்கு வரும். நனைந்தும் காய்ந்தும் சணல் உக்கிப்போகும். அறுந்தால், அந்த ஆழத்தில் பாதாளக்கரண்டி விட்டுத் துழாவுவதை நினைத்துப் பாருங்கள்.

1180களில் டோவரின் பெருங்கோபுரத்தைக் கட்டியவர்கள் கிணற்று வாயை மேல்மாடிவரை உயர்த்தி, சுவருக்குள் ஈயக்குழாய் பதித்து மற்ற அறைகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். எனக்கு அந்தக் கோட்டையில் மதிலை விடப் பெரிய வேலை இதுதான்.

குதிரைவீரர் ஒருவருக்கு ஒரு குதிரை போதாது. போருக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று வேண்டும். ஒரு குதிரை நாளுக்கு 30 லீற்றர் குடிக்கும் என்று வைத்தால், 10 வீரரின் குதிரைகளுக்கு மட்டும் 90 வாளி. சமையலும் பியர் காய்ச்சுவதும் இதற்குப் புறம்பு.

1215 இல் இங்கிலாந்தின் ஜோன் மன்னர் றொச்செஸ்ரர் கோட்டையை முற்றுகையிட்டார். கோபுரத்தின் ஒரு மூலைக்குக் கீழே சுரங்கம் தோண்டி, 40 பன்றிகளின் கொழுப்பால் தாங்குமரங்களை எரித்து அந்த மூலையைச் சரித்தார். உள்ளே இருந்தவர்கள், கோபுரத்தை இரண்டாகப் பிரித்த நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். கிணறு அந்த நடுச்சுவருக்குள்ளேயே இருந்தது. எந்த மாடியிலும் நின்று அள்ளலாம். குதிரை இறைச்சியும் தண்ணீருமாகத் தாக்குப்பிடித்தவர்களைக் கடைசியில் பசிதான் பணியவைத்தது.

எக்செற்றர் கோட்டையில் நடந்தது நேர்மாறு. 1136 இல் இங்கிலாந்தின் ஸ்ரீபன் மன்னரை எதிர்த்த பிரபு போல்ட்வின் டி ரெட்வெர்ஸ் அங்கே மூன்று மாதமளவு நின்றார். மதில் உடையவில்லை, கிணறுகள் வற்றின. வைனை ஊற்றி மாப் பிசைந்தார்கள், வைனிலே சமைத்தார்கள், எதிரி எறிந்த தீப்பந்தங்களையும் வைனால் அணைத்தார்கள். அதுவும் தீர்ந்ததும் கோட்டை போயிற்று. போல்ட்வின் வைற் தீவிலுள்ள தன் கரிஸ்புறூக் கோட்டைக்குப் போனார். அங்கேயும் தண்ணீர் கைவிட, மன்னரிடம் பணிந்தார்.

பிற்பாடு கரிஸ்புறூக்கில் 49 மீற்றர் ஆழத்துக்குப் புதுக்கிணறு தோண்டினார்கள். 1587 இல் அதற்கு ஆளுயரத்துக்கும் மேலான மரச்சில்லு ஒன்றைப் பூட்டினார்கள். சில்லுக்குள் கழுதை நடக்க நடக்க வாளி மேலே வரும். பார்வையாளருக்காகக் கழுதைகள் அதை இப்போதும் சுற்றிக் காட்டுகின்றன.