தரை தெரிந்ததா?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் ஒரு வானிலை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை, பிற்பகலில் மேற்கே மேகம் திரளத் தொடங்கினால், என் இருக்கை தொலைபேசிக்கும் அமெச்சூர் வானொலிப் பெட்டிக்கும் நடுவே போய்விடும். எச்சரிக்கை விடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர்கள் ரேடார் திரைகளுக்கு முன்னால் இருப்பார்கள். சாலையோரங்களில் நின்று, சூறாவளி இறங்குகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தன்னார்வலர்கள் சொல்வதைக் கேட்டு உடனே அறிக்கையாக்குவதும், அடுத்த சில வாரங்களில் அதைச் சரிபார்த்து நிரந்தரப் பதிவேட்டில் ஏற்றுவதும் என் பணி.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கடலில் உருவாகி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு விரியும் புயலையும் நாம் சூறாவளி என்கிறோம். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலத்தில் சில நிமிடங்கள் சுழன்று மறையும் இந்தக் காற்றையும் அப்படியே அழைக்கிறோம். ஆகவே பின்னதை இங்கே டொர்னாடோ என்றே எழுதுகிறேன். மேகத்தின் அடியிலிருந்து தொங்கிச் சுழன்றும் அந்தச் சுழற்சி தரையை எட்டாமல் இருந்தால் அது புனல் மேகம். பதிவேட்டைப் பொறுத்தவரை இரண்டையும் பிரிப்பது தரை ஒன்றுதான். ஆனால் அந்தத் தரையைத்தான் யாராலும் எளிதில் பார்க்க முடிவதில்லை.

ரேடார் இருக்கும்போது மனிதர்கள் எதற்கு என்று ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் கேட்பதுண்டு. எங்கள் ரேடாரின் மிகத் தாழ்ந்த கதிர்கூட அரைப் பாகை மேல்நோக்கியே புறப்படுகிறது. பூமியின் வளைவும் சேர்ந்துகொள்வதால் 100 கிலோமீட்டர் தொலைவுக்குப் போகும்போது அது தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். மேகத்துக்குள் காற்று சுழல்கிறது என்று ரேடார் சொல்லும். அந்தச் சுழற்சி கோதுமை வயலைத் தொட்டுவிட்டதா என்று சொல்லாது. 1970களில் ஸ்கைவார்ன் என்ற பெயரில் தேசிய வானிலைச் சேவை தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது இதற்காகத்தான். இன்று அமெரிக்கா முழுவதும் மூன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் பேர் வரை இந்தப் பயிற்சியைப் பெற்றிருக்கிறார்கள். கட்டணமில்லாத, சுமார் இரண்டு மணி நேர வகுப்பு அது. விவசாயிகள், தீயணைப்பு வீரர்கள், செவிலியர்கள், லாரி ஓட்டுநர்கள் எனப் பலரும் வந்து உட்காருவார்கள்.

அழைப்பு வந்தால் நான் கேட்கும் கேள்விகள் அதிகமில்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்தத் திசையில் பார்க்கிறீர்கள், எவ்வளவு தூரம், மணி என்ன, சுழல்கிறதா, தரை தெரிகிறதா? மழை மேகத்தின் அடியில் கிழிந்த துணிபோல் தொங்கும் துண்டு மேகங்கள் அசல் புனலைப் போலவே தோற்றம் தரும். ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் அவை சுழலாமல் நகர்வது தெரிந்துவிடும். அதிகமாக நேரும் பிழை இடத்தில்தான். அழைப்பவர் தாம் நிற்கும் இடத்தைச் சொல்ல, கேட்பவர் அதையே டொர்னாடோ இருக்கும் இடமாக எழுதிவிடுவார். கான்சாஸில் கிராமச் சாலைகள் பெரும்பாலும் ஒரு மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டதுபோல் ஓடுவதால், “சந்திப்பிலிருந்து வடக்கே மூன்று, மேற்கே இரண்டு” என்று சொல்லிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குரல் கேட்டாலே எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

நேரம் அதைவிடத் தொல்லை பிடித்தது. மாநிலத்தில் மாவட்டங்களைப் போன்ற 105 கவுண்டிகளில் மேற்கு ஓரத்திலுள்ள நான்கு மட்டும் மலைப்பகுதி நேரத்தைப் பின்பற்றுகின்றன. மற்றவை ஒரு மணி நேரம் முந்திய மத்திய நேரத்தில் இயங்குகின்றன. கோடையில் ஊர் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்க, நிரந்தரப் பதிவேடு மட்டும் ஆண்டு முழுவதும் அந்தந்தப் பகுதியின் இயல்பு நேரத்திலேயே எழுதப்படுகிறது. எல்லைக்கு இருபுறமும் நின்ற இருவர் ஒரே டொர்னாடோவை 5.56 என்றும் 6.58 என்றும் அறிவித்தால், இடையிலிருப்பது இரண்டு நிமிடங்கள்தான். அது புரியாதவர் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு டொர்னாடோக்களைப் பதிவேற்றிவிடுவார். கைப்பேசிகள் எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தாமாகவே மணியை மாற்றிவிடுவதும் உண்டு. ஆகவே “உங்கள் கடிகாரத்தில் மணி என்ன?” என்று கேட்டு, அதே கணத்தில் என் மேசைக் கடிகாரத்தையும் பார்த்து இரண்டையும் எழுதி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

என் இரண்டாம் ஆண்டில் செய்த பிழை ஒன்று இன்னும் நினைவில் நிற்கிறது. ஜூன் மாத மாலை; பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் அழைத்தார். மேகத்துக்கும் அடிவானத்துக்கும் நடுவே பாதித் தூரம் வரை புனல் இறங்கியிருக்கிறது, தெளிவாகச் சுழல்கிறது, கீழே ஒரு மேடு மறைக்கிறது என்று சொன்னார். தூசி எழுகிறதா என்று கேட்டேன். “எழலாம், எனக்குத் தெரியவில்லை,” என்றார். அதே நிமிடத்தில் ரேடாரில் வலுவான சுழற்சி இருந்தது. வேறு இரண்டு பேர் டொர்னாடோ என்றே சொல்லிப் படங்கள் அனுப்பியிருந்தார்கள். நான் டொர்னாடோ என்று அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவரே அழைத்தார். குரலில் கோபம் இல்லை. “நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் அப்படிச் சொல்லவில்லையே. தரை தெரியவில்லை என்றுதானே சொன்னேன்,” என்றார். அன்று பிற்பகலே அந்த மேட்டுக்குப் பின்னால் வண்டியில் போனோம். வயலின் நடுத்தூணைச் சுற்றி நகரும் நீளமான நீர்த்தெளிப்பு எந்திரம், பலமான காற்றுக்குச் சட்டென்று குப்புறக் கவிழ்ந்துவிடக்கூடியது, தன் சக்கரங்களில் அப்படியே நின்றது. ஓடையோரத்துக் காட்டன்வுட் மரங்களில் ஒரு கிளைகூட முறியவில்லை. முற்றத் தொடங்கிய கோதுமைக் கதிர்கள் ஒரே சீராக நின்றன. எதுவும் தொடவில்லை என்று இதைக் கொண்டு உறுதியாகச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பலம் குறைந்த டொர்னாடோ திறந்த வயலில் தடயமே விடாமல் போகலாம். ஆனால் தொட்டது என்று சொல்ல எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. அனுப்பப்பட்டிருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவற்றிலும் அதே மேடுதான் கீழ்ப்பாதியை மறைத்திருந்தது. பதிவைப் புனல் மேகம் என்று திருத்தினேன். ஒருவர் பார்த்ததையும் நான் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதியதுதான் நடந்த தவறு என்று அப்போது புரிந்தது. அன்று முதல் குறிப்புப் பகுதியில், பார்த்தவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே முதலில் எழுதுகிறேன்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. எங்கள் பகுதியிலும் கிழக்குக் கொலராடோவிலும் சில டொர்னாடோக்கள், மேகத்துக்குள் பெரிய சுழற்சி எதுவும் இல்லாமலேயே, தரையோரத்தில் இருந்த சுழற்சி வளர்ந்துவரும் மேகத்தால் மேலே இழுக்கப்பட்டு உருவாகின்றன. ரேடாரில் இவை தெரிவது அரிது. மேலே விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் புனல், கீழே செம்மண் தூசி சுழன்றெழும் ஒரு குழல், இடையில் வெறும் வெளி என்றுதான் கண்ணுக்குத் தெரியும். முழுப் புனலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. சுழலும் காற்று மேகத்தையும் தரையையும் இணைத்தால் போதும். “தூசி மட்டும்தான் சுற்றுகிறது, இதற்கெல்லாம் அழைக்கலாமா என்று யோசித்தேன்,” என்று தயங்கித் தயங்கி ஒரு விவசாயி சொன்னது அந்த ஆண்டு எங்களுக்கு வந்த மிகச் சிறந்த டொர்னாடோ அறிக்கைகளுள் ஒன்று. மேலே மேகம் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது, அதுவும் சுழன்றது என்றார்.

வலிமையை எழுதுவதிலும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2007 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோல் காற்றை அளப்பதில்லை. வீடு, பள்ளி, மரம் என 28 வகைப் பொருள்களுக்கு நேர்ந்த சேதத்தைப் பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடுகிறது. சேதப்பட எதுவும் இல்லாத வெட்டவெளியில் போன டொர்னாடோவுக்கு, அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருந்தாலும், வலிமை தெரியவில்லை என்றே எழுத வேண்டியிருக்கிறது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோ அருகே போன டொர்னாடோவின் அகலம் 2.6 மைல், நடமாடும் ரேடார் அதில் மணிக்கு 290 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தை அளந்தது, ஆனால் சேதத்தின் அடிப்படையில் அது, ஐந்து வரை போகும் அந்த அளவுகோலில், மூன்றாம் நிலையிலேயே பதிவாகியிருக்கிறது. டொர்னாடோக்களின் பாதையில் கருவிகளை வைத்து ஆராய்ந்துவந்த டிம் சமராஸ், அவருடைய மகன் பால், உடன் பணியாற்றிய கார்ல் யங் மூவரும் அன்று அதில் இறந்துபோனார்கள். அத்தனை அனுபவம் உள்ளவர்களுக்கே அப்படி நேர்ந்ததென்றால், வகுப்பில் வந்து உட்காரும் விவசாயிக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது எதுவென்று எனக்குச் சந்தேகமே இல்லை: விலகிச் செல்லும் சாலை கைவசம் இருக்க வேண்டும், அறிக்கை அதற்குப் பிறகுதான்.

இரவு நேரத்து அழைப்புகள் எனக்கு எப்போதும் கடினமானவை. 2007 மே 4 இரவு, 1.7 மைல் அகலத்தில் வந்த டொர்னாடோ கான்சாஸின் கிரீன்ஸ்பர்க் ஊரைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்தது. அப்படிப்பட்ட இரவுகளில் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது மின்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் தெரியும் கருநிழலும், மின்கம்பிகள் அறுபடும்போது தரையோரத்தில் வெட்டும் நீலப்பச்சை ஒளியும்தான். அந்த ஒளியின் நேரத்தையும் திசையையும் இரண்டு இடங்களிலிருந்து இரண்டு பேர் குறித்துவைத்திருந்தால், வரைபடத்தில் கோடு போட்டு அது எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அந்தப் பேருந்து ஓட்டுநர் அம்மையார் பார்வை குறைந்ததால் மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியே போவதை நிறுத்திக்கொண்டார். போகும்போது தம் குறிப்பேடுகளை என்னிடம் கொடுத்தார். கறுப்பு அட்டை, பென்சில் எழுத்து, ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் நின்ற சந்திப்பின் பெயரும் எந்த நேரக் கணக்கு என்பதும். நிறையப் பக்கங்களில் “போனேன், எதுவும் இல்லை” என்று மட்டும் இருக்கிறது. கடைசிக் குறிப்பு இது: “9.12. மின்னலில் வடமேற்கே ஒருமுறை ஏதோ தெரிந்தது. மறுபடி தெரியவில்லை. அழைத்துச் சொன்னேன், புனல் என்று சொல்லவில்லை.” அந்த இரவின் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். 9.13க்கு வந்த அழைப்பு என் கையெழுத்தில் அப்படியே இருந்தது.