மாமாவின் முழங்காலும் பாப்பாவின் செருப்பும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

மாமாவுக்கு முழங்கால் தேய்மானம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. "தினமும் அரை மணி நேரம் சமதரையில் நடங்க, படி ஏறாதீங்க" என்றார். "முப்பது வருஷம் மில்லுல நடக்காத நடையா?" என்று கேட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தவர்தான் மாமா. தனியாக அனுப்பினால் டீக்கடையோடு திரும்பிவிடுவார். சரி, ஞாயிறுதோறும் எல்லோருமாகப் போவோம் என்று முடிவானது. மாமா, இவர், நான், பதினொரு வயதுப் பையன், ஆறு வயதுப் பாப்பா.

முதல் நாள் மதுரை வண்டியூர் தெப்பக்குளம். காலை ஆறரைக்கு மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. தண்ணீர் நிறைய இருந்தது. மைய மண்டபம் பாதிதான் தெரிந்தது. 1000 அடி நீளம், 950 அடி அகலம் என்று இவர் சொன்னதும், ஒரு சுற்று 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று பையன் கணக்குப் போட்டுவிட்டான். மாமாவுக்கு அது போதும். மேடு பள்ளம் இல்லை, கால் கடுத்தால் சுற்றுச்சுவரில் உட்காரலாம்.

பாப்பா முதல் பக்கம் முடிவதற்குள் "கால் வலிக்குது" என்றாள். மாமா கதையை எடுத்தார். திருமலை நாயக்கர் மஹால் கட்டச் செங்கலுக்கு இங்கேதான் மண் எடுத்தார்களாம். தோண்டும்போது ஒரு பெரிய பிள்ளையார் கிடைத்தாராம். மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் அவர்தான். விநாயகர் சதுர்த்திக்கு அவருக்கு முக்குறுணி அரிசியில், அதாவது 18 படியில், ஒரே ஒரு கொழுக்கட்டை.

"ஒரே கொழுக்கட்டையா? எப்படித் திருப்பிப் போடுவாங்க?"

வேகவைக்கிற கொழுக்கட்டையை யாரும் திருப்பிப் போடுவதில்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்வியிலேயே அவள் அடுத்த பக்கம் முழுக்க நடந்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

மாமா மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மூன்று முறையும் ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது என்றார். அவர் போட்டிருந்தது நாடா இல்லாத செருப்பு.

ஜனவரி 12, ஞாயிறு

கீழக்குயில்குடி, சமணர் மலை. தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை வரை போய்த் திரும்பினால் கிராமம். படி இருக்கிறதே என்று மாமாவை யோசித்துத்தான் கிளம்பினேன். அடிவாரத்தைப் பார்த்ததும் கவலை போனது. தாமரைக் குளம், அய்யனார் கோயில், மண் குதிரைகள், நல்ல ஆலமர நிழல். அங்கே ஏற்கெனவே நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஐந்தாவது ஆளாகப் போய்ச் சேர்ந்துகொண்டார்.

நாங்கள் நாலு பேர் மட்டும் ஏறினோம். பாறையையே வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி. பாதியில் பாப்பாவின் செருப்பு வார் பிய்ந்தது. இவர் தோளில் தூக்கிக்கொண்டார்.

மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில், பாறை முகத்தில் எட்டுச் சமணத் திருமேனிகள் வரிசையாக இருக்கின்றன. மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி எல்லாம் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கும் மேலானவை. ஐந்து தலைப் பாம்பு குடை பிடித்தபடி இருப்பவர்தான் பார்சுவநாதர். "பாம்பு ஏன் அவருக்குக் குடை பிடிக்குது?" என்றாள் பாப்பா. தவத்தைக் கலைக்க ஒருத்தன் கல்லைத் தூக்கிப் போட வந்தான், பாம்பு காப்பாற்றியது என்றேன். "அந்தக் கல்லு எங்க?" என்று சுற்றிலும் தேடினாள். மலை முழுக்கக் கல்தான். எதைக் காட்டுவது?

கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறது. பையன் விரலால் தொடாமல் காற்றிலேயே எழுதிப் பார்த்து, "மலையாளம் மாதிரி இருக்கேம்மா" என்றான். மலையாளம் எழுதவும் இந்த எழுத்து ரொம்ப காலம் இருந்தது என்று இவர் சொல்லிக்கொடுத்தார். எனக்கு மனசில் நின்றது வேறு. இந்த மலையில் ஒரு சிற்பத்தை, அச்சணந்தி என்ற முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். மகன் துறவியாகிப் போய்விட்டான், அம்மா சிலை செய்து வைக்கிறாள். அவர் இந்தப் பாறையில் ஏறி வந்து பார்த்தாரா, கூலி கொடுத்ததோடு சரியா? கீழே இறங்கும்வரை அதே நினைப்பு.

மேலே தண்ணீர், கடை எதுவும் கிடையாது. ஒன்பது மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏழுக்குள் ஏறிவிடுங்கள். மலையின் இன்னொரு பக்கம் இருக்கும் செட்டிப்புடவு குகைக்கு எங்களால் போக முடியவில்லை. அறுந்த செருப்பை வைத்துக்கொண்டு எங்கே போவது!

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். நடை இல்லை. பாப்பாவுக்குப் புது ஷூ வாங்கியாயிற்று, வெளிச்சம் அடிக்கிற வகை.

ஜனவரி 19, ஞாயிறு

அழகர்கோவில். பெருமாளைச் சேவிப்பதோடு சரி என்றுதான் மாமா வந்தார். கோட்டைக்குள் மரத்தடியில் இப்படி நடக்க இடம் இருப்பதை நானும் இத்தனை வருஷம் கவனிக்கவில்லை. வெளிக்கோட்டைக்கு அழகாபுரிக் கோட்டை, உள்கோட்டைக்கு இரணியன் கோட்டை என்று பெயர். சித்திரையில் வந்தால் கூட்டத்தில் சுவர் எங்கே தெரியப் போகிறது? இன்று காலையில் வெளி மதிலை ஒட்டி மெதுவாக நடந்தோம். இடிந்த இடத்தில் மதிலின் கனத்தைப் பையன் கைவிரித்து அளந்தான், எட்டவில்லை. பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் சாத்திய கதவுக்குத்தான் சந்தனம் சாத்திப் பூசை. உள்ளே யாரும் இல்லையா என்று பாப்பா கேட்டதற்கு மாமா, "காவல்காரர் கதவைத் திறந்துவச்சுக்கிட்டா தூங்குவாரு?" என்றார்.

நூபுர கங்கைக்கு வேனில்தான் போனோம். இறங்கிய பத்தாவது நிமிஷம் ஒரு குரங்கு புளியோதரைப் பொட்டலத்தை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. துளி அவசரம் இல்லை. சுவரில் உட்கார்ந்து இலையைப் பிரித்து, வறுத்த நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றைக் கீழே தள்ளியது. என் சமையலுக்கு இவ்வளவு நேரடியான விமர்சனம் இதுவரை வந்ததில்லை. அங்கே மஞ்சப்பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள்.

ஜனவரி 25, சனி

காந்தி மியூசியம். தூரம் போக மாமாவுக்கு மனசில்லை, அழகர்கோவில் நடைக்கு இரண்டு நாள் தைலம் தேய்த்தார். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் பிறகு கலெக்டர் பங்களாவாகி, 1959இல் நேரு திறந்துவைத்த மியூசியம் ஆனது. வெளியே மரங்களும், சேவாகிராமக் குடிசையைப் போலவே கட்டிய ஒரு குடிசையும் இருக்கின்றன. மாமா வேப்பமரத்தடியிலேயே இருந்துவிட்டார்.

உள்ளே, சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணியின் முன்னால் பாப்பா ரொம்ப நேரம் நின்றாள். "துவைக்கலையாம்மா?" என்றாள். இல்லை என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

அரிட்டாபட்டி. இதுவரை போனதில் எனக்குப் பிடித்த நடை இதுதான். மேலூர் ரோட்டில் யானைமலையைத் தாண்டிப் போக வேண்டும். ஒத்தக்கடையிலிருந்து பார்த்தால் நிஜமாகவே யானை படுத்த மாதிரிதான் இருக்கிறது. பாப்பாவுக்கு மட்டும் தும்பிக்கை தெரியவே இல்லை, அழுகை வரும்வரை தேடினாள்.

அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள், நடுநடுவே வயல், கண்மாய். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 193 ஹெக்டேர். 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. இந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விட்ட ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்து பத்து நாள்தான் ஆகிறது. டீக்கடையில் பேச்சு முழுக்க அதுதான். கடைக்கார அக்கா, "சுரங்கம் வேணாம்னு மதுரை வரைக்கும் நடந்தோம்ல, எங்க காலு இன்னும் வலிக்குது" என்று சிரித்தார். மாமா தன் முழங்காலைப் பற்றி அங்கே வாயே திறக்கவில்லை.

கண்மாய்க் கரையில் சமதரை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் அறுவடைக்கு நிற்கிற நெல். பாறை நிறத்துக்கும் நெல் நிறத்துக்கும் வெயில் ஏறும்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குடைவரைக் கோயில் சின்னதுதான். பாண்டியர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து சிவனை வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசர். கையில் தண்டு வைத்திருக்கும் இவரைத் தமிழ்நாட்டில் பார்ப்பது அபூர்வம் என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையன் வெளியே ஓடினான். குன்றுக்கு மேலே ஒரு பெரிய பறவை, இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டது. வல்லூறா, ராஜாளியா? எங்களில் யாருக்கும் தெரியாது. வல்லூறு என்று மாமா அடித்துச் சொன்னார். மறுத்துப் பேச ஆளில்லாததால் அதுவே தீர்ப்பு.

புது ஷூ பாப்பாவின் குதிகாலைக் கடித்துவிட்டது. திரும்பும்போது வெறுங்காலோடு வரப்பில் நடந்தாள். "கால் வலிக்குது" என்ற பேச்சே வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மறுபடி தெப்பக்குளம். செவ்வாய்க்கிழமை தைப்பூசம், தெப்பத் திருவிழா. குளத்தில் தெப்பம் தயாராகிக்கொண்டிருந்தது. கூட்டம் சேரும் முன்னால் ஒரு சுற்று போய்விடலாம் என்று சீக்கிரமே வந்துவிட்டோம்.

இந்தக் குளம் வறண்டு கிடந்த காலத்தில் மாமா உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடியிருக்கிறார். மைய மண்டபத்துச் சுவரில் பட்டால் சிக்ஸர். தண்ணீர் இல்லாத வருஷங்களில் தெப்பம் மிதக்காது, நிலைத்தெப்பம்தான். இப்போது கரையிலிருந்து வடம் பிடித்து மிதக்கிற தெப்பத்தை இழுக்கிறார்கள். பையன் அதைக் கேட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை லீவு போடலாமா என்று ஆரம்பித்தான். பரீட்சை இருக்கிறது என்றேன். சாயங்காலம்தானே என்றான். யோசிக்கிறேன் என்றேன்.

மாமா இன்று ஒரே இடத்தில்தான் உட்கார்ந்தார். அதுவும் பாப்பா ஷூவைக் கழற்றி எறிந்ததால். அதை எடுத்து நாடா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். அவர் அடி வைக்கும்போதெல்லாம் அது முதுகில் இடித்துச் சிவப்பும் பச்சையுமாக மின்னியது. நாலாவது பக்கம் முடிந்து கார் பக்கம் திரும்பினோம். மாமா மட்டும் நின்றார்.

"டீ சாப்பிட்டுட்டு இன்னும் ஒரே ஒரு பக்கம் போவமா?"

பாப்பா அதற்குள் ஓடிவிட்டாள்.