கடற்காகக் கணக்கு

நவம்பர் 9

முகத்துவாரத்து மணல்திட்டில் இன்று 63 கடற்காகங்கள். போன வாரம் ஐந்தாறுதான் இருந்தன. எண்ணுவது சுலபம், பெயர் சொல்வதில்தான் சிக்கல். குளிர்காலத்தில் பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குப் பழுப்புத் தலை கிடையாது, கருந்தலைக் கடற்காகத்துக்குக் கருந்தலை கிடையாது. இரண்டுக்கும் வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்தாற்போல ஒரு பொட்டு. இனப்பெருக்கக் காலத்தில்கூடக் கருந்தலையின் தலை கறுப்பாக இருப்பதில்லை, அடர்ந்த காபி நிறம்தான். பெயர் வைத்தவரோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி கண். பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், கருந்தலைக்குக் கரிய கண். ஸ்கோப்பில், அதாவது முக்காலித் தொலைநோக்கியில், ஒவ்வொன்றாகப் பார்த்து, பழுப்புத்தலை 41, கருந்தலை 22 என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீடு வந்தேன்.

நவம்பர் 16

நிம்மதி ஒரு வாரம்தான். பல வருடமாக இங்கே பறவை பார்க்கும் அக்கா ஒருவர் வந்திருந்தார். என் கணக்கைப் பெருமையாகக் காட்டினேன். "இருபத்திரண்டா? அவ்வளவு இருக்காதே" என்றார். கரிய கண்ணோடு நின்ற ஒன்றை ஸ்கோப்பில் பிடித்துக் காட்டினேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, "கண்ணை விடுங்க தம்பி. அது எழும்பட்டும்" என்றார்.

அரை மணி நேரம் கழித்து ஒரு நாய் ஓடிவந்து உதவி செய்தது. கூட்டம் மொத்தமாக எழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த பறவை இறக்கையை விரித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. நுனி முழுக்கக் கறுப்பு. கருந்தலைக்கு இருக்க வேண்டிய வெள்ளை முன்விளிம்பு இல்லவே இல்லை. அது முதல் வருடப் பழுப்புத்தலை. கண் வெளிறுவது வளர்ந்த பிறகுதான், குஞ்சுப் பருவம் தாண்டி முதல் குளிர்காலத்தில் கண் கரியதாகவே இருக்கும்.

அப்படியானால் என் 22-இல் எத்தனை நிஜம்? தெரியாது. அந்த நாள் போய்விட்டது.

நவம்பர் 17

தூக்கம் வராததால் இறக்கைகளை வரைந்து பார்த்தேன். மறக்காமலிருக்க எழுதி வைக்கிறேன்.

வளர்ந்த கருந்தலை: வெளி இறக்கையின் முன்விளிம்பில் நீண்ட வெள்ளைப் பட்டை, கத்தி போல. சிறகுகளின் நுனியில் மட்டும் மெல்லிய கறுப்பு ஓரம். வெகு தூரத்தில்கூட அந்த வெள்ளைதான் முதலில் கண்ணில் அடிக்கும்.

வளர்ந்த பழுப்புத்தலை: இங்கே வெள்ளை விளிம்பில் ஓடாமல் இறக்கையின் நடுவில் ஒரு திட்டாக நின்றுவிடுகிறது. அதற்கப்பால் அகலமான கறுப்பு நுனி, அந்தக் கறுப்புக்குள் கடைசி இரண்டு சிறகுகளில் வெள்ளைப் புள்ளிகள். பறவை நோக்கர்கள் அவற்றைக் 'கண்ணாடி' என்பார்கள். முதல் வருடப் பறவைக்கு அந்தக் கண்ணாடியும் கிடையாது. வளர்ந்த பறவை பறக்க மறுத்தாலும் ஒரு தந்திரம் உண்டு: மடித்த இறக்கைகளில் நமக்கு எதிர்ப்பக்கம் உள்ளதன் அடிப்பாகம் வாலுக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அந்தக் கறுப்பில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் முடிந்தது கதை.

அலகும் உதவும். கருந்தலையுடையது ஒல்லி, மற்றதுடையது தடித்தது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் அந்த 'தடித்தது' என்ற சொல்லுக்கு அர்த்தம். உருவ அளவைச் சுத்தமாக விட்டுவிட்டேன். பழுப்புத்தலை சற்றே பெரியதுதான், ஆனால் ஸ்கோப்பில் பின்னால் நிற்கும் பறவை முன்னால் நிற்பதைவிடப் பெரியதாகத் தெரிந்து ஏமாற்றுகிறது.

டிசம்பர் 3

மேகமூட்டம். முதுகின் சாம்பல் நிறம் இன்று எல்லாப் பறவைக்கும் ஒழுங்காகத் தெரிந்தது. நேற்று சுள்ளென்ற வெயிலில் இதே பறவைகள் வெளுத்துப் போயிருந்தன, உடம்பைத் திருப்பிய ஒவ்வொரு முறையும் வேறு வேறு சாம்பல். இனி நிறத்தை எழுதினால் வானத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

டிசம்பர் 21

பெரியவை வந்துவிட்டன. பெரிய கருந்தலைக் கடற்காகம் ஒன்று: கண்ணைச் சுற்றி அழுக்கு முகமூடி, கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறை, மஞ்சள் அலகில் கறுப்புப் பட்டை. அதில் சந்தேகமே இல்லை.

அதன் பக்கத்தில் நின்ற மஞ்சள் கால்காரன்தான் பிரச்சினை. முதுகு கருஞ்சாம்பலா, நடுச்சாம்பலா? கருஞ்சாம்பல் என்றால் ஹியூக்ளின் கடற்காகம், வெளிறினால் ஸ்டெப்பி கடற்காகம். வெயிலோ உச்சத்தில். ஹியூக்ளின் சிறகு உதிர்ப்பைத் தாமதமாக முடிக்கும் என்பதால், பறக்கும்போது வெளிச்சிறகுகள் முளைத்து முடிந்தனவா என்று பார்க்க நினைத்தேன். வெளி இறக்கையின் நீண்ட சிறகுகளான பத்து முதன்மைச் சிறகுகளும் உள்ளிருந்து வெளியே வரிசையாக உதிர்ந்து முளைப்பவை, கடைசியில் மாறுவது நுனிதான். அது எழவே இல்லை. இரண்டு மணி நேரம் தூங்கியது. 'பெரிய கடற்காகம், மஞ்சள் கால்' என்று மட்டும் எழுதினேன். போன மாதமாக இருந்தால் ஏதாவது ஒரு பெயரை ஒட்டியிருப்பேன்.

ஜனவரி 11

இன்று வேறு விதமான தவறு. வெள்ளை முன்விளிம்பு தெளிவாகத் தெரிந்ததும் 'கருந்தலை' என்று எழுதிவிட்டேன். அக்கா எதுவும் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதாதா, மறுபடியும் பார்த்தேன். நெற்றி நெட்டுக்குச் சரிந்து நீண்ட அலகோடு சேர்கிறது, கழுத்தை நீட்டினால் இன்னும் நீள்கிறது, கண் வெளிறியது, காதுப் பொட்டு இருந்தும் இல்லாததுபோல். மெல்லலகுக் கடற்காகம்! அதன் இறக்கையும் கருந்தலையின் இறக்கையும் ஒரே அச்சு. ஆக, நவம்பரில் கண்ணை நம்பி இறக்கையைப் பார்க்கவில்லை, இன்று இறக்கையை நம்பிக் கண்ணைப் பார்க்கவில்லை.

"முகத்தைப் பாருங்க, முகத்தை" என்றார் அக்கா, கிளம்பும்போது.

மார்ச் 8

தலைகளுக்கு இனப்பெருக்கக் கால நிறம் வரத் தொடங்கிவிட்டது. சிலவற்றுக்கு அரைகுறையாக, பழைய துணியால் துடைத்து விட்டதுபோல். பழுப்புத்தலையின் முகமூடி வெளிர்ப்பழுப்பு, பின் ஓரத்தில் மட்டும் கோடு போட்டாற்போல அடர்த்தி. மெல்லலகுக்கு எந்தப் பருவத்திலும் முகமூடி வராது, வெள்ளைத் தலையோடே இருக்கும். வளர்ந்த பறவைகளை இப்போது யார் வேண்டுமானாலும் பிரித்துவிடலாம், கொஞ்சம் சப்பென்றுகூட ஆகிவிட்டது. இளம்பறவைகள் மட்டும் இன்னும் வெளுத்த தலையோடு ஆளைச் சுற்றலில் விடுகின்றன.

மார்ச் 22

திட்டில் 9 மட்டும். ஏழு பழுப்புத்தலை, கண்ணாடி உட்பட எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு கருந்தலை. ஒன்று தண்ணீரின் ஓரத்தில், முதுகைக் காட்டியபடி.

நோட்டில் பின்னோக்கிப் புரட்டி நவம்பர் 9-ஐ எடுத்தேன். 41-ஐயும் 22-ஐயும் அடித்துவிட்டு, 63-ஐ மட்டும் விட்டு வைத்தேன். நிமிர்ந்தபோது அந்த ஒன்பதாவது பறவை கிளம்பிப் போயிருந்தது.