டையோடு இரைச்சலும் செப்டம்பர் 11-ம்

2001 செப்டம்பர் 11 காலை நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட வேளையில், பல நாடுகளில் நிறுவப்பட்டிருந்த 30-க்கும் மேற்பட்ட சிறு மின்னணுக் கருவிகள் நொடிதோறும் சுழியங்களையும் ஒன்றுகளையும் உருவாக்கி, பிரின்ஸ்டன் நகரில் இருந்த ஒரு கணினிக்கு இணையம் வழியே அனுப்பிக்கொண்டிருந்தன. அவை சமவாய்ப்பு எண் ஆக்கிகள்; டையோடு போன்ற ஒரு சிறு மின்னணுப் பாகத்தில் எழும் இரைச்சலிலிருந்து, அதாவது மின்னோட்டத்தின் ஒழுங்கற்ற நடுக்கத்திலிருந்து, எண்களை உருவாக்குபவை. அடுத்து வரப்போவது சுழியமா ஒன்றா என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதே அவற்றின் இலக்கணம். அன்றைய அதிர்ச்சியில் அந்த எண்கள் தங்கள் இயல்பிலிருந்து விலகின என்றும், கோடிக்கணக்கான மனங்கள் ஒரே நேரத்தில் ஒரே துயரத்தில் ஒன்றியதே அதற்குக் காரணம் என்றும் ஒரு கூற்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலவி வருகிறது.

இது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். பெருந்துயரம் நேரும்போது மனிதர்கள் தனித்தனித் தீவுகளாக இல்லை என்பதற்கு ஒரு டையோடு சாட்சி சொல்லுமானால், அதைவிடப் பெரிய செய்தி அறிவியலில் வேறென்ன இருக்க முடியும்? அந்த விருப்பத்தினாலேயே இதன் கணக்குகளை ஊன்றிப் படித்தேன்.

இந்தத் தேடலின் வேர் 1960-களின் இறுதியில் இருக்கிறது. போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹெல்முட் ஷ்மிட், ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருளின் சிதைவைக் கொண்டு ஒரு கருவியை அமைத்து, மனித எண்ணம் அதன் போக்கை மாற்றுமா என்று சோதித்தார். 1979-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புல முதல்வராக இருந்த ராபர்ட் ஜான் இதற்கென்றே ஓர் ஆய்வகத்தைத் தொடங்கினார். அது 2007 வரை இயங்கியது. அங்கே பணியாற்றிய ரோஜர் நெல்சன், கருவியின் முன் அமர்ந்திருக்கும் ஒருவரின் எண்ணத்திலிருந்து உலகின் கூட்டு மனத்தை நோக்கிக் கேள்வியை நகர்த்தினார். 1997 செப்டம்பரில் இளவரசி டயானாவின் இறுதி ஊர்வலத்தின்போது சில கருவிகளின் எண்களைத் தொகுத்துப் பார்த்ததில் ஒரு விலகல் தென்பட்டது. ஒரு வாரம் கழித்துக் கொல்கத்தாவில் நடந்த அன்னை தெரசாவின் இறுதிச் சடங்கின்போது அப்படி எதுவும் தென்படவில்லை. அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய உலகளாவிய உணர்வுநிலைத் திட்டத்தில், 1998 ஆகஸ்டு 7 அன்று நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் மீது நடந்த குண்டுவெடிப்புகள் முதல் நிகழ்வாகப் பதிவாயின.

நிகழ்வுகளால் ஒரு சமவாய்ப்பு எண் ஆக்கி பாதிக்கப்படுமா என்ற பொதுக் கேள்விக்குத் தயக்கமின்றி ஆம் என்றே சொல்வேன். நான் மாணவனாக இருந்தபோது அப்படி ஒரு கருவியைச் செய்திருக்கிறேன். டையோடு போலவே செயல்படும் ஒரு டிரான்சிஸ்டரின் சந்திக்குப் பின்னோக்குச் சார்பில் (வழக்கமான திசைக்கு எதிராக) முறிவு மின்னழுத்தத்துக்கும் மேலாக மின்சாரம் கொடுத்தால், அதன் வழியே பாயும் மின்னோட்டம் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்தைப் பெருக்கி, ஓர் எல்லையைத் தாண்டினால் ஒன்று, தாண்டாவிட்டால் சுழியம் என்று கொண்டால் கருவி தயார். செய்து முடித்த பிறகுதான் அது எவ்வளவு தொட்டாற்சிணுங்கி என்பது தெரிந்தது. நண்பகல் வெயிலில் அறை சூடேறினால் ஒன்றுகளின் பங்கு மாறும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கினால் எண்வரிசையில் அதன் தடம் விழும்.

இந்தத் தொல்லை கத்துக்குட்டிகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்ட் 1955-இல் பத்து லட்சம் சமவாய்ப்பு இலக்கங்களை நூலாக வெளியிட்டபோது, அதற்கென்று அவர்கள் கட்டிய மின்னணுச் சக்கரத்தின் எண்களில் ஒருதலைச் சாய்வு இருந்ததைக் கண்டு சுற்றுகளைப் பலமுறை திருத்த வேண்டியிருந்தது. 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இருவர், மின்வழங்கல் கம்பியில் தகுந்த அதிர்வெண்ணைச் செலுத்தினாலே சிலவகைப் பாதுகாப்புச் சில்லுகளின் சமவாய்ப்புத் தன்மை குலைந்துவிடும் என்று காட்டினார்கள்.

பெரிய நிகழ்வுகள் மின்கம்பிகளில் தடம் பதிப்பதும் உறுதியாகத் தெரிந்த ஒன்றே. 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் தோற்று ஆட்டம் முடிந்ததும், பிரிட்டன் முழுவதும் மக்கள் எழுந்து போய்த் தேநீருக்குக் கெட்டில்களை இயக்கியதால் மின்தேவை ஏறத்தாழ 2,800 மெகாவாட் தாவி ஏறியது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்குகளை அணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டபோது, தேசிய மின்தொகுப்பின் தேவை 31,000 மெகாவாட் அளவுக்குச் சரிந்தது. நீர்மின் நிலையங்களை மளமளவென்று தாழ்த்தியும் உயர்த்தியும் பொறியாளர்கள் அன்றிரவு தொகுப்பைக் காப்பாற்றினார்கள். கோடிக்கணக்கான மனங்கள் ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்ய முடிவெடுத்தால் அதன் விளைவு ஒவ்வொரு வீட்டின் மின்செருகி வரைக்கும் வந்து சேரும். பாதுகாப்பில்லாத ஓர் எண் ஆக்கியை அதில் செருகியிருந்தால் அதுவும் ஏதேனும் உணர்ந்திருக்கக்கூடும்.

நெல்சனின் குழு இதையெல்லாம் அறியாதது அன்று. அவர்களுடைய கருவிகள் உறையிட்டுக் காக்கப்பட்டவை. அதற்கும் மேலாக, வெளிவரும் பிட்டுகளை (சுழியம் அல்லது ஒன்று என்ற தனித்தனி எண்களை) எக்ஸ்-ஆர் என்ற தருக்கச் செயலுக்கு உட்படுத்தினார்கள். அதாவது, முன்பே வகுத்த ஒரு முறைப்படி சரிபாதி பிட்டுகள் தலைகீழாகத் திருப்பப்படும். வெப்பத்தாலோ மின்னழுத்தத்தாலோ ஒன்றுகள் கூடினால், கூடியவற்றில் பாதி சுழியங்களாக மாறிச் சாய்வு தானாகவே அழிந்துவிடும். ஐயத்துக்கு இடமளிக்காத நல்ல பொறியியல் இது. எனினும் இங்கேதான் எனக்கு முதல் முள் தைத்தது. துயரமோ பிரார்த்தனையோ டையோடின் நடுக்கத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால், அந்தத் தள்ளலையும் எக்ஸ்-ஆர் அழித்துவிட்டிருக்க வேண்டும். அதையும் மீறி ஒரு விளைவு எஞ்சுகிறது என்றால், அது டையோடில் நிகழ்ந்திருக்க முடியாது. எந்தப் பிட்டு திருப்பப்படும் என்பதையும் அறிந்து, அதற்கேற்ப நடந்துகொண்ட ஏதோ ஒன்றாக அது இருக்க வேண்டும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த வானியலாளர் ஜெஃப்ரி ஸ்கார்கில், இயற்பியல் விளைவு ஒன்றைத் தேடுகிறவர்கள் எக்ஸ்-ஆரைப் பயன்படுத்தியதையே குறையாகச் சுட்டினார். இயற்பியல் நோக்கில் இதுவே ஆழமான மறுப்பு என்பது என் எண்ணம்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். ஒவ்வொரு கருவியும் நொடிக்கு 200 பிட்டுகளைக் கூட்டி ஓர் எண்ணாகத் தரும். நாணயத்தை 200 முறை சுண்டித் தலைகளை எண்ணுவதைப் போன்றது இது. சராசரி 100; சராசரியிலிருந்து எண்கள் வழக்கமாகச் சிதறும் அளவான திட்ட விலக்கம் 7.07. எல்லாக் கருவிகளின் விலகல்களையும் திட்ட விலக்க அளவில் ஒவ்வொரு நொடிக்கும் இணைத்து, வர்க்கமாக்கி, நிகழ்வின் கால அளவு முழுவதற்கும் கூட்டினால், எதுவும் நிகழாத நிலையில் அந்தக் கூட்டுத்தொகை நொடிகளின் எண்ணிக்கைக்கு நிகராக இருக்க வேண்டும். செப்டம்பர் 11-க்கு அவர்கள் வகுத்த கால எல்லை காலை 8:35 முதல் 12:45 வரை, அதாவது 15,000 நொடிகள். கிடைத்த தொகை 15,332. இங்கே திட்ட விலக்கம் 173 என்பதால், விலகல் இரண்டு திட்ட விலக்கத்துக்கும் சற்றுக் குறைவே. தற்செயலாகவே இப்படி நேர்வதற்கான நிகழ்தகவு 0.028, ஏறத்தாழ 36-இல் ஒன்று. இதை முதன்முறை கையால் போட்டுப் பார்த்தபோது நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம் உறைந்துபோன அந்த நாளுக்குக் கிடைத்த சான்று இவ்வளவுதானா என்று மனம் கனத்தது. எட்வின் மே, ஜேம்ஸ் ஸ்பாட்டிஸ்வுட் ஆகிய இருவரும் அதே தரவுகளைத் தனியே ஆராய்ந்து, அந்தக் கால எல்லை தற்செயலாக வாய்ப்பான ஒன்றாக அமைந்துவிட்டது என்றும், வேறு எல்லையைத் தேர்ந்திருந்தால் குறிப்பிடத்தக்க விலகல் கிடைத்திராது என்றும் காட்டினார்கள். இவ்விருவரும் புலன்கடந்த உணர்வு ஆராய்ச்சியிலேயே நெடுங்காலம் ஈடுபட்டவர்கள்; எனவே இதை வெளியாரின் வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

நெல்சன் தரப்பில் இதற்கு நேர்மையான ஒரு பதில் உண்டு: எந்த ஒரு நிகழ்வும் தனித்து நிரூபணமாகாது, முழுத் தொடரையும் பார்க்க வேண்டும். 1998 முதல் 2015 வரை 500 நிகழ்வுகள் முறையாகப் பதிவுசெய்யப்பட்டன. எல்லாவற்றையும் சேர்த்தால் விலகல் ஏழு திட்ட விலக்கங்களைத் தாண்டுகிறது. தற்செயலாக இப்படி நேர லட்சம் கோடியில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது, நானும் தள்ளவில்லை.

ஆனால் 500 நிகழ்வுகளுக்கு அதைப் பகிர்ந்தால் (கூட்டு விலகல் நிகழ்வுகளின் எண்ணிக்கையினுடைய வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும் என்பதால், 500-இன் வர்க்கமூலமான 22.4-ஆல் வகுக்க வேண்டும்), ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒரு திட்ட விலக்கத்தின் மூன்றிலொரு பங்கு, அதாவது 0.33 மட்டுமே. இதனோடு ஒப்பிட ஓர் எண் சொல்கிறேன். ஒன்றையொன்று சாராத இரண்டு சமவாய்ப்பு முடிவுகள் கையில் இருந்து, ஒவ்வொரு முறையும் அவற்றில் பெரியதைத் தேர்ந்தெடுத்தால், எந்த விளைவும் இல்லாமலேயே சராசரியாக 0.56 கிடைக்கும். எனவே, இதை நிகழ்வாகக் கொள்ளலாமா வேண்டாமா, நான்கு மணி நேரமா ஆறு மணி நேரமா, பத்து நிமிடம் முன்பிருந்தா அரை மணி முன்பிருந்தா என்ற முடிவுகளில் தரவின் நிழல் சிறிதளவு விழுந்திருந்தாலும் 0.33 என்பது எளிதாக விளைந்துவிடும். தரவைப் பார்ப்பதற்கு முன்பே கால எல்லையைப் பதிவுசெய்தோம் என்று அவர்கள் உறுதிபடக் கூறுகிறார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. தேடப்படும் விளைவு எவ்வளவு மெல்லியது, அதைத் தாங்கி நிற்க அந்தப் பதிவேடு எவ்வளவு பிசகற்றதாக இருக்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறேன்.

இந்த இடத்தில் பீட்டர் பான்செல் என்ற இயற்பியலாளரின் உழைப்பை மிகுந்த மதிப்போடு குறிப்பிட விரும்புகிறேன். நெல்சனோடு இணைந்து பல ஆண்டுகள் இந்தத் தரவுகளை ஆராய்ந்து, தொடக்கத்தில் ஆதரவாகவே எழுதியவர் அவர். 17 ஆண்டுத் தரவுகளையும் பரிசீலித்து 2017-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கூட்டு உணர்வுநிலை என்ற கருதுகோளுக்குத் தரவுகள் துணைசெய்யவில்லை என்று முடித்தது. கண்ட விலகல் உலக நிகழ்வுகளைத் தொடர்ந்து செல்வதைவிட, ஆய்வாளர்கள் செய்த தேர்வுகளைத் தொடர்ந்து செல்வதாகவே அவருக்குப் பட்டது. அதையும் ஒரு புலன்கடந்த ஆற்றலாகவே அவர் விளக்கினார். தேர்வின் வழியே விளைவு வருகிறது என்ற அளவில் அவரோடு உடன்படும் நான், அதற்கு மேல் ஆற்றல் ஒன்றைக் கற்பிக்கத் தேவை இருப்பதாகக் கருதவில்லை. இருந்தாலும், பல ஆண்டு உழைப்பைக் கொடுத்த கருத்தைத் தரவுகளின் பொருட்டுக் கைவிட ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

இதே படிப்பினை முன்பும் கிடைத்திருந்தது. பிரின்ஸ்டன் ஆய்வகத்தின் தனிமனிதச் சோதனைகளை ஜெர்மனியின் ஃப்ரைபுர்க், கீசன் ஆகிய இடங்களின் குழுக்களோடு சேர்ந்து மீண்டும் செய்தபோது, முதன்மை விளைவு திரும்பக் கிடைக்கவில்லை. 2000-இல் வெளியான அந்த முடிவை ராபர்ட் ஜானின் குழுவே கையெழுத்திட்டு வெளியிட்டது.

எனக்குத் தெளிவு தரக்கூடிய சோதனை ஒன்று இன்னும் செய்யத்தக்கதாகவே இருக்கிறது. எந்த நிகழ்வு, எத்தனை நிமிடம் என்ற தேர்வை ஆய்வாளர்களின் கையிலிருந்து எடுத்து நாள்காட்டியிடம் ஒப்படைத்துவிட வேண்டும்: ஒவ்வொரு நேர மண்டலத்திலும் ஆங்கிலப் புத்தாண்டின் நள்ளிரவு, ஒலிம்பிக் தொடக்க விழா, உலகக் கோப்பை இறுதியாட்டம் என ஆண்டுகளுக்கு முன்பே தேதி தெரிந்த நிகழ்வுகளின் பட்டியலும், ஒவ்வொன்றின் தொடக்கமும் முடிவும், கணக்கிடும் சூத்திரமும் முதலிலேயே வெளியிடப்பட வேண்டும். 0.33 என்ற அளவு உண்மையாக இருந்தால், மூன்று திட்ட விலக்கங்களை எட்ட 80-க்குச் சற்று மேற்பட்ட நிகழ்வுகள் போதும். ஆண்டுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் எட்டு, ஒன்பது ஆண்டுகள். அப்படி ஒரு பட்டியலை யாரேனும் வெளியிட்டால், அதன் கடைசி நாள் வரைக்கும் காத்திருந்து, அந்தக் கூட்டுத்தொகையையும் நான் கையாலேயே போட்டுப் பார்ப்பேன்.